சுவர் யாருடையது? மெக்சிகோவின் இடதுசாரி ஓவியர்களும் புரட்சி அரசும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



கலையும் அரசியலும் என்ற பொருளில் பேசும்படி அறக்கட்டளைக் குழு கேட்டுக்கொண்டது. மிகப் பரந்த பொருள். அதனால் இவ்வுரை ஒரு நாட்டோடும் ஏறத்தாழ அரை நூற்றாண்டோடும் நின்றுகொள்கிறது. நாடு மெக்சிகோ; காலம் 1921 முதல் 1968 வரை. இடதுசாரி ஓவியர்களுக்கு ஓர் அரசு தன் கட்டடச் சுவர்களை இவ்வளவு தாராளமாகத் திறந்துவிட்ட இன்னொரு நாட்டைச் சொல்வது கடினம். அந்த ஓவியர்களில் சிலர் உலகப் புகழ் பெற்றார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள், இரண்டையும் பார்த்தவர்களும் உண்டு.

இந்தியாவுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது. மெக்சிகோவில் 1919இல் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவர் வங்கத்திலிருந்து தப்பிச் சென்றிருந்த எம்.என். ராய். கதர் (Ghadar) புரட்சி இயக்கத்தைச் சேர்ந்த பாண்டுரங்க கான்கோஜே அங்கே சாப்பிங்கோ வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அதே பள்ளியின் பழைய தேவாலயத்தில்தான் டியேகோ ரிவேரா 1920களில் தம் புகழ்பெற்ற சுவரோவியங்களைத் தீட்டினார். ஓவியர் சதீஷ் குஜ்ரால் 1950களின் தொடக்கத்தில் உதவித்தொகை பெற்று மெக்சிகோ சென்று சுவரோவியர் சிகேரோஸிடம் பழகினார். மெக்சிகோவின் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் தில்லியில் தூதராக இருந்ததை இங்குள்ள பலரும் அறிவர். அவர் அந்தப் பதவியை விட்ட காரணம் பின்னால் வருகிறது.

இவ்வுரையின் மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இடதுசாரிக் கலை என்றதும் படத்தில் என்ன இருக்கிறது, வரைந்தவர் எந்தக் கட்சி என்று பார்த்துப் பழகிவிட்டோம். இவை தேவையான கேள்விகள். ஆனால் சுவர் யாருடையது, கூலி கொடுத்தது யார், முன்னால் வந்து நின்று பார்த்தது யார் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஒழிய மெக்சிகோவில் நடந்தது விளங்காது. அங்கே படத்துக்குள் இருந்த புரட்சியாளரை அரசு அரவணைத்தது; தெருவில் இருந்த புரட்சியாளரைப் பிடித்து உள்ளே தள்ளியது. இரண்டையும் ஒரே அரசு, ஒரே ஆண்டில்கூடச் செய்தது.

1. சுவர் கிடைத்த விதம்

போர்ஃபிரியோ தியாஸின் முப்பது ஆண்டுக்கும் மேலான ஆட்சியை 1910இல் வெடித்த புரட்சி கவிழ்த்தது. அதன்பின் வெற்றி பெற்றவர்களே ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டார்கள். உழவர் தலைவர் ஸபாத்தா 1919இல் வஞ்சகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிபர் கர்ரான்ஸா அடுத்த ஆண்டு. 1910 கணக்கெடுப்பில் சுமார் 1.52 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921இல் 1.43 கோடியாகக் குறைந்திருந்தது. போர், பசி, கொள்ளைநோய், எல்லை தாண்டிய குடிபெயர்வு எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

1920இல் அதிபரான ஆல்வரோ ஓப்ரெகோனிடம் படை இருந்தது. இத்தனை ரத்தமும் எதற்காகச் சிந்தப்பட்டது என்று மக்களுக்குச் சொல்ல ஒரு கதைதான் இல்லை. மக்களில் பெரும்பான்மையோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பு 1921இல் கல்வி அமைச்சரான ஹோசே வாஸ்கோன்செலோஸிடம் வந்தது. கிராமங்களுக்கு ஆசிரியர்களை அனுப்பினார், நூலகங்கள் திறந்தார், ஹோமரையும் பிளேட்டோவையும் மலிவுப் பதிப்பாக அச்சிட்டார், ஓவியர்களை அழைத்துச் சுவர்களைக் கொடுத்தார்.

வாஸ்கோன்செலோஸ் இடதுசாரி அல்லர். ஆன்மிக நாட்டம் மிக்கவர். 1920இல் இந்தியச் சிந்தனை பற்றி ஒரு நூலே எழுதியவர். அவர் எழுப்பிய கல்வி அமைச்சகத்தின் முற்றத்து மூலைகளில் கிரேக்கம், ஸ்பெயின், மெக்சிகோ, இந்தியா ஆகியவற்றைக் குறிக்கும் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்காக அங்கே அமர்ந்திருப்பவர் புத்தர். அந்தக் கட்டடத்தின் தாழ்வாரங்களில்தான் சில ஆண்டுகளில் அரிவாளும் சுத்தியலும் ஏறின. அமைச்சர் கேட்டது ஒன்று, ஓவியர்கள் தீட்டியது வேறு. அவர் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டார் என்பதை அவருக்குரிய புகழாகவே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவர் வலதுசாரிப் பக்கம் வெகுதூரம் போய் 1940இல் நாஜி ஆதரவு ஏடொன்றை நடத்தினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2. சாந்தும் சங்கமும்

இந்தச் சுவர்களில் வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகிருந்து பார்க்க வேண்டும். ஈரச் சாந்தின்மேல் தீட்டும் முறையில் கொத்தனார்தான் முதலில் வருகிறார். ஓவியர் அன்று எவ்வளவு தீட்ட முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் கடைசிப் பூச்சை விடியலுக்கு முன்பே பூசி வைக்கிறார். நீரில் அரைத்த நிறமிகளை ஓவியர் அந்த ஈரத்தில் ஏற்றுகிறார். சுண்ணாம்பு காய்ந்து இறுகும்போது மெல்லிய படலம் ஒன்று உருவாகி நிறத்தை உள்ளே பூட்டிக்கொள்கிறது. மாலைக்குள் முடிக்காத பகுதியும் தவறிப்போன பகுதியும் கொத்தி எடுக்கப்படும். மறுநாள் மீண்டும் பூச்சு. ஓவியரின் ஒரு நாள் உழைப்பு எது என்பதைச் சாந்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தே சொல்லலாம்.

ரிவேரா இத்தாலியில் இத்தகைய ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். ஆனால் சுண்ணாம்பின் குணம் தெரிந்தவர் அவருடைய உதவியாளர் ஸாவியர் கெர்ரேரோ. 1923இல் நொப்பால் கள்ளியின் சாற்றை நிறத்தோடு கலந்து, பழங்காலத்து இரகசியம் மீண்டும் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். நம்மூர்க் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய் நீர் விட்டதைப் போன்ற ஒரு நம்பிக்கை. கள்ளிச்சாறு நாளடைவில் கெட்டு, சுவரில் கறை படிந்தது. அந்தச் சோதனையைக் கைவிட்டுவிட்டுப் பழைய முறைக்கே திரும்பினார்கள். தோற்ற சோதனைதான், ஆயினும் ஐரோப்பாவிலிருந்து கடன் வாங்காமல் சொந்த மண்ணில் ஒரு கலையை வேரூன்றச் செய்ய அவர்கள் எவ்வளவு தவித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

1922இல் இவர்கள் தங்களைத் தொழில்நுட்பத் தொழிலாளர், ஓவியர், சிற்பியர் சங்கமாக அமைத்துக்கொண்டார்கள். சிகேரோஸ் எழுதிய சங்கத்தின் அறிக்கை, வரவேற்பறையில் தொங்கும் சட்டகப் படத்தைப் புறக்கணித்தது. எல்லாருக்கும் பொதுவான பெருங்கலையை முன்வைத்தது. கையெழுத்திட்டவர்களில் ரிவேராவும் மற்றொரு சுவரோவியரான ஓரோஸ்கோவும் இருந்தார்கள். 1924இல் சங்கம் 'எல் மாச்செதே' என்ற ஏட்டைத் தொடங்கியது. பெரிய அளவுத் தாள், மரச்செதுக்குப் படங்கள். தெருச் சுவர்களில் ஒட்டிப் படிப்பதற்கென்றே அமைந்த ஏடு.

பொதுக்கலையைப் பார்த்த பொதுமக்கள் யார்? முதல் சுவரோவியங்கள் எழுந்த தேசிய ஆயத்தப் பள்ளி, நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் படித்த இடம். உழவர்களையும் தொழிலாளிகளையும் சுவரில் பார்த்து அந்த மாணவர்கள் எரிச்சலடைந்தார்கள். 1924இல் ஓரோஸ்கோ, சிகேரோஸ் ஆகியோரின் படங்களைக் கல்லெறிந்தும் சுரண்டியும் சிதைத்தார்கள். ஓவியர்கள் இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு சாரத்தில் ஏறிய காலம் அது. அமைச்சர் பதவி விலகினார். சிகேரோஸும் ஓரோஸ்கோவும் வேலை இழந்தார்கள். சிகேரோஸ் ஹாலிஸ்கோ மாநிலத்துக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார்.

ரிவேரா சுவரை விடவில்லை. கல்வி அமைச்சகத்தில் 1923 முதல் 1928 வரை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை முடித்தார். அங்கே சுரங்க வாயிலில் ஒரு தொழிலாளி இரு கைகளையும் விரித்து நிற்கிறார். காவலர்கள் அவர் உடலைத் தடவிச் சோதிக்கிறார்கள். சிலுவையை நினைவூட்டும் அந்தத் தோரணை இன்றும் நெஞ்சை அறுக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய பகுதியில் கவிஞர் கார்லோஸ் குத்தியெர்ரெஸ் க்ரூஸின் போராட்டக் குரல் கொண்ட வரிகள் சிலவற்றையும் அவர் எழுதியிருந்தார். எதிர்ப்பு எழுந்தது, வரிகள் நீக்கப்பட்டன, படம் தங்கியது. அதிகாரம் எதைத் தாங்கிக்கொள்ளும், எதைத் தாங்காது என்பதன் முதல் அளவுகோல் இது.

3. நியூயார்க்கில் இடிந்தது, மெக்சிகோவில் எழுந்தது

1929இல் அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்தது. சிகேரோஸ் 1930 மே தினத்தில் கைதாகிச் சிறையில் இருந்தார். பிறகு தாஸ்கோ என்ற ஊரை விட்டு நகரக் கூடாது என்று வைக்கப்பட்டார். அதே 1929இல் ரிவேரா தேசிய மாளிகையின் மாடிப்படிச் சுவரில் மெக்சிகோவின் வரலாற்றைத் தீட்டத் தொடங்கினார். குவெர்னவாகா நகரில் கோர்த்தெஸின் பழைய அரண்மனைச் சுவருக்கு அவருக்கு 12,000 டாலர் கொடுத்தவர் அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோ; மார்கன் வங்கியின் பங்குதாரராக இருந்தவர். அந்தச் சுவரில் கரும்பாலை அடிமைகளும் வெள்ளைக் குதிரையோடு ஸபாத்தாவும் இருக்கிறார்கள். படம் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை. கலைஞரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்ற எளிய குற்றச்சாட்டு இங்கே செல்லாது. ஆனால் சுவரைக் கொடுத்தவரும் நட்டப்படவில்லை. நில உடைமை, எண்ணெய், திருச்சபை ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு நடத்த வந்த தூதருக்கு அந்தக் கொடை நல்லெண்ணத்தைச் சம்பாதித்துத் தந்தது.

1933இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தில் நடந்தது எல்லாரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்லலாம். ரிவேராவுக்கு 21,000 டாலர் ஒப்பந்தம். படத்தில் லெனின் முகம் தோன்றியது. அதை மாற்றும்படி நெல்சன் ராக்ஃபெல்லர் கேட்டார், ரிவேரா மறுத்தார். முழுத் தொகையையும் கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். 1934 பிப்ரவரியில் சுவரைக் கொத்தி எடுத்தார்கள்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். இவ்வுரைக்கு வேண்டியது அடுத்த பகுதி. அதே ஆண்டு, அதே படத்தின் ஒரு வடிவத்தை ரிவேரா மெக்சிகோ நகரின் நுண்கலை மாளிகையில் தீட்டினார். அரசுக் கட்டடம், அரசுச் சுவர். லெனின் அங்கே இடர் ஏதுமின்றி அமர்ந்துகொண்டார், இன்றும் இருக்கிறார். லெனினின் பெயரைச் சொல்லிக் கட்சி நடத்தியவர்கள் அப்போதுதான் ஐந்தாண்டுத் தடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நியூயார்க்கின் முதலாளிக்கு முகம் பிரச்சினையாக இருந்தது. மெக்சிகோவின் அரசுக்கு அமைப்புதான் பிரச்சினை. சுவரில் இருக்கும் லெனின் வேலைநிறுத்தத்துக்கு அழைக்க மாட்டார்.

சிகேரோஸுக்கு லாஸ் ஏஞ்சலிஸில் 1932இல் நேர்ந்தது இன்னும் கசப்பானது. ஒல்வேரா தெருவில், வெப்பமண்டல அமெரிக்கா என்ற பொருளில் மாடிச் சுவரொன்று கொடுத்தார்கள். பழமும் பசுமையும் எதிர்பார்த்தவர்களுக்கு, கழுகின் கீழே சிலுவையில் கட்டப்பட்ட பழங்குடி மனிதனைத் தீட்டிக் காட்டினார். தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு முதலில் வெள்ளையடித்தார்கள், பிறகு முழுவதற்கும். பாதுகாப்புப் பணி முடிந்து 2012இல்தான் அது மக்கள் பார்வைக்குத் திறந்தது.

இவ்வுரையின் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் வைத்துவிட வேண்டும். 1941இல் ஓரோஸ்கோ உச்ச நீதிமன்றத்தின் சுவர்களிலேயே நீதியின் சீரழிவைத் தீட்டினார். கயவர்களும் சட்டக் காவலர்களும் ஒரே கூட்டமாக அங்கே புரள்கிறார்கள். நீதிபதிகள் நாள்தோறும் கடக்கும் தாழ்வாரம் அது. படம் அழிக்கப்படவில்லை. கலைஞர் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாதவர் என்பதும், அரசு அப்போது தன் சகிப்புத்தன்மையை உலகுக்குக் காட்ட விரும்பியது என்பதும் காரணமாகலாம். ஆனால் வழக்காட வந்த ஏழை அந்தப் படத்தின் கீழே நின்றிருப்பார் என்பதை எந்த விளக்கமும் குறைத்துவிடாது. சுவரின் உடைமை பலவற்றைத் தீர்மானிக்கிறது, எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

4. கட்சிக்கும் சுவர் உண்டு

அரசை மட்டும் குறைசொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. ரிவேராவைக் கட்சி 1929இல் வெளியேற்றியது. 1937இல் ட்ரொட்ஸ்கிக்கு மெக்சிகோவில் அடைக்கலம் கிடைக்க அவர் துணைநின்றார். பிறகு ட்ரொட்ஸ்கியோடும் முறித்துக்கொண்டு, மீண்டும் கட்சிக் கதவைத் தட்டினார். பலமுறை மறுத்தபின் 1954இல் கட்சி அவரைச் சேர்த்துக்கொண்டது. சிகேரோஸ் 1940 மே 24 அன்று துப்பாக்கிக் கும்பலுக்குத் தலைமைதாங்கி ட்ரொட்ஸ்கியின் வீட்டைத் தாக்கினார். ட்ரொட்ஸ்கி அன்று தப்பினார். அவருடைய இளம் காவலர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். சிகேரோஸின் தூரிகையை வியக்கும் எவரும் இந்த நாளைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது. அவர் அப்போது மின்தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டில் ஓர் அருமையான கூட்டுப் படைப்பை நடத்திக்கொண்டிருந்தார். தலைமறைவான பிறகு, ஸ்பெயினிலிருந்து அகதியாக வந்த ஹோசெப் ரெனாவ்தான் அதை முடித்துக் கொடுத்தார். தொழிற்சங்கத்தின் சொந்தச் சுவர்தான். அங்கும் சில பகுதிகளை மாற்றும்படி சங்கம் கேட்கவே செய்தது.

எழுத்தாளர் ஹோசே ரெவுல்தாஸின் கதை இதைவிட வலிக்கிறது. பதின்ம வயதிலேயே கட்சி வேலைக்காக மரியா தீவுகளின் தண்டனைக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர். 1949இல் கட்சி ஊழியர்களின் மனச்சாட்சியை உள்ளிருந்து காட்டும் நாவல் ஒன்றை வெளியிட்டார். தோழர்கள் கடுமையாகச் சாடினார்கள். தன் நாவலைத் தானே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அரசின் சிறையால் செய்ய முடியாததைத் தோழமையின் அழுத்தம் செய்தது.

சுவர் கிடைத்தவர்கள் சுவருக்குக் காவலர்களாகவும் ஆனார்கள். 1945இல் மெக்சிகோ நகர நிர்வாகம் மரியா இஸ்கியெர்தோ என்ற ஓவியருக்குப் பெரிய சுவரோவியப் பணி ஒன்றைக் கொடுத்தது. அவருக்கு அனுபவம் போதாது என்று ரிவேராவும் சிகேரோஸும் கருத்துச் சொன்னார்கள், பணி கைநழுவியது. எங்கள் வழியைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருள்படும் தலைப்பில் சிகேரோஸ் நூல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சங்க அறிக்கையில் எல்லாருக்கும் பொது என்று எழுதியவர்கள், இருபது ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்குச் சுவரை மறுத்தார்கள்.

5. தாள்

சுவர் நகராது, தாள் நகரும். மெக்சிகோவுக்கு இது புதிதில்லை. 1913இல் மறைந்த செதுக்கோவியர் போசாதாவின் எலும்புக்கூட்டுக் கேலிப்படங்கள் காசு விலையில் தெருக்களில் விற்றன. அந்த வழியில் 1937இல் லியோபோல்டோ மெந்தெஸ், பாப்லோ ஓ'ஹிக்கின்ஸ், லூயிஸ் அரெனால் ஆகியோர் மக்கள் அச்சோவியப் பட்டறையைத் தொடங்கினார்கள். தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியத் துண்டு, செதுக்கும் உளி, மை, மலிவுத் தாள்: மூலதனம் அவ்வளவுதான். படத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். வெட்டிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் பதியும். ஒருவர் செதுக்கியதை எல்லாரும் கூடி விமரிசித்தார்கள். தொழிற்சங்கம் சுவரொட்டி கேட்டால் அன்றிரவே தயாராகும்.

1939இல் மெந்தெஸ் ஏழு கல்லச்சுப் படங்கள் கொண்ட ஒரு தொகுப்பு வெளியிட்டார். கிராமத்துக்கு எழுத்தறிவு கொண்டுபோன ஆசிரியர்களை மதத்தின் பெயரால் வெட்டியும் சுட்டும் எரித்தும் கொன்றதைப் பற்றியது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கொல்லப்பட்டதைத் தலைப்பே சொல்கிறது. வாஸ்கோன்செலோஸ் தொடங்கிவைத்த அந்தக் கல்விப் பயணத்துக்கு மாளிகைச் சுவர்களில் பொலிவான படங்கள் இருந்தன. அதில் செத்தவர்களின் பிணங்களை இந்தச் சிறு தாள்கள்தாம் காட்டின. அவ்ரோரா ரெயெஸ் 1936இல் ஒரு பள்ளிச் சுவரில், தாக்கப்படும் கிராமத்து ஆசிரியையைத் தீட்டியதும் இங்கே நினைக்கத் தக்கது.

பட்டறைக்காரர்களும் அரசுக்கு அப்பால் நின்றவர்கள் அல்லர். 1938 மார்ச் 18 அன்று அதிபர் கார்தெனாஸ் எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது முழுமனதோடு ஆதரித்துப் படம் போட்டார்கள். ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவர்கள் கையில் இருந்தன என்பதுதான் வேறுபாடு. 1946இல் பட்டறைக்கு வந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் எலிசபெத் கேட்லெட் அங்கேயே தங்கி, 1962இல் மெக்சிகோவின் குடியுரிமை பெற்றார். பிறந்த நாடு அவரைப் பல ஆண்டுகள் உள்ளே விட மறுத்தது.

6. 1968

1957இல் சாப்புல்தெபெக் கோட்டையில் புரட்சியின் வரலாற்றைத் தீட்டும் பணியை அரசு சிகேரோஸுக்குக் கொடுத்தது. 1906இல் கனனேயா சுரங்கத்தில் நடந்த வேலைநிறுத்தம் அந்தப் படத்தின் உயிர்ப்பகுதி. படம் வளர்ந்துகொண்டிருந்தபோதே, 1959இல் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அரசு நசுக்கித் தலைவர் தெமெத்ரியோ வயேஹோவைச் சிறையிலிட்டது. அரசியல் கைதிகளுக்காகக் குரல் கொடுத்த சிகேரோஸும் 1960இல் லெகும்பெர்ரி சிறைக்குப் போனார். 'சமூகக் குலைவு' என்ற குற்றப்பிரிவு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உளவாளிகளுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம். 1906இன் வேலைநிறுத்தக்காரர்கள் கோட்டைச் சுவரில், 1959இன் வேலைநிறுத்தக்காரர்கள் கம்பிக்குப் பின்னால். 1964இல் விடுதலையான ஓவியர் நேராக அதே சுவருக்குத் திரும்பி 1966இல் படத்தை முடித்தார். அந்த ஆண்டு தேசியக் கலைப் பரிசும் அவருக்கே கிடைத்தது.

1968இல் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்கள் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய ஆறு கோரிக்கைகளில் அந்தக் குற்றப்பிரிவை நீக்குவதும் ஒன்று. கலைப்பள்ளிகளில் இரவோடு இரவாகச் சுவரொட்டிகள் அச்சாயின. பல்கலைக்கழக வளாகத்தில் முன்னாள் அதிபர் மிகேல் அலெமானின் சிதைந்த சிலையைத் தகரத் தடுப்பால் மறைத்திருந்தார்கள். ஓவியர்கள் அந்தத் தகரத்தின்மேல் தீட்டினார்கள். யாரும் அவர்களுக்கு அதை ஒப்பந்தம் செய்துகொடுக்கவில்லை. ஒலிம்பிக் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 2 அன்று, த்லாதெலோல்கோ சதுக்கத்தில் ராணுவம் மாணவர் கூட்டத்தின்மீது சுட்டது. ஒக்தாவியோ பாஸ் தில்லியில் தூதர் பதவியைத் துறந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ரெவுல்தாஸ் மாணவர்களோடு லெகும்பெர்ரிக்குப் போனார். அந்தக் குற்றப்பிரிவு 1970இல் நீக்கப்பட்டது.

அந்த மாதங்களில் மிகுதியாகப் பரவிய படங்களில் ஒன்று புதிதாகச் செதுக்கியதன்று. பட்டறையைச் சேர்ந்த அடோல்ஃபோ மெக்சியாக், குவாதமாலாவின் மக்களாட்சி கவிழ்க்கப்பட்ட 1954இல் ஒரு பழங்குடி மனிதனின் முகத்தைச் செதுக்கியிருந்தார். வாயை இறுக்கிச் சங்கிலி, அதில் ஒரு பூட்டு. பதினான்கு ஆண்டு கழித்து அதே படத்தின் அடியில் 'மெக்சிகோ 68' என்ற ஒலிம்பிக் சின்னத்தைச் சேர்த்து மறுபடி அச்சிட்டார்கள்.

இந்தத் தாள்களில் தப்பியவை இன்று பெரிய அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் இருக்கின்றன. தெருவில் ஒட்டியவை மழையில் போயின. ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது. படங்களின் அழகைப் பற்றிப் போதிய நூல்கள் வந்துவிட்டன. ஒப்பந்தத் தாள்கள், கொத்தனார்களின் கூலிப் பட்டியல், தொழிற்சங்கங்கள் சுவரொட்டிக்குக் கொடுத்த ஆணைகள், தாள் வாங்கிய கணக்கு ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் ரிவேராவுக்குப் பூச்சு பூசியவர்களும் மெந்தெஸின் தாளை இரவில் ஒட்டியவர்களும் இந்த வரலாற்றுக்குள் வருவார்கள்.